பினாங்குக் கரைக்கு ஏற்ற மெட்டல் டிடெக்டர் எது?

பத்து பெரிங்கிக் கடற்கரையில் நீர் நன்றாக வற்றிய காலையொன்றில் மேலிருந்து கீழே இறங்கி நடந்தால், ஐம்பது அடிக்குள் மூன்று வகைத் தரையைக் காலால் உணரலாம். மரநிழலை ஒட்டி உலர்ந்த பொடிமணல் கிடக்கும். அதற்குக் கீழே உப்புநீர் ஊறி இறுகிய ஈரமணல் வரும். அதையும் தாண்டினால் அலை ஏறி இறங்கும் விளிம்பு. மெட்டல் டிடெக்டர் வாங்க விரும்புகிறவர், இம்மூன்றில் எதில் தம் நேரத்தைக் கழிக்கப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட ஆழக் கணக்கையும் கடைக்காரரின் பேச்சையும் அதற்குப் பிறகு கவனித்தால் போதும்.

நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை அடி ஆழம் காட்டும்?' என்பதே. கையில் பிடித்து வீசும் சாதாரணக் கருவி எதுவானாலும், மோதிரம் அல்லது நாணயம் அளவுள்ள பொருளைப் பொதுவாக ஒரு சாண் ஆழத்தில்தான் காட்டும். தரை ஒத்துழைத்தால் இன்னும் சிறிது கூடலாம். பதினைந்தடி ஆழத்தில் இருக்கும் பொன்னைத் தூரத்திலிருந்தே சுட்டிக்காட்டும் என்று ஆண்டெனா பூட்டிய பொருள்களை இணையத்தில் விற்கிறார்கள். அத்தனை ஆழத்தில் கிடக்கும் சிறு பொன்னிலிருந்து அளக்கத்தக்க எதுவும் மேலே வராது. குடும்பச் சேமிப்பை அதில் போட்டவர்களின் கதையைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உண்மையான கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. தரையை ஒட்டி நாம் வீசும் வட்டத்துக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்குள்ள உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டம் எழுகிறது. மற்றொரு சுருள் அதன் எதிர்விளைவை வாங்குகிறது. அந்த எதிர்விளைவு எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கொண்டு இரும்பா, அலுமினியமா, வெள்ளியா என்று கருவி ஊகித்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈரமணல் முழுவதும் மெல்லிய உலோகத் தகடு போலக் கருவிக்குத் தோற்றமளிக்கிறது என்பதே நம் கரையில் எழும் சிக்கல். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியை உப்புக்கு ஏற்பச் சரிசெய்தால் மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்கள் அதைக் குழப்பும். தாதுவுக்கு ஏற்பச் சரிசெய்தால் உப்பு குழப்பும். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி, அவற்றின் எதிர்விளைவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இரண்டையும் ஒருசேரக் கழிக்க முயல்கிறது. கருவிகளின் விலை வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த ஒன்றுக்காகத்தான்.

ஒற்றை அதிர்வெண்: ஏஸ் 300, சிம்ப்ளெக்ஸ் பிளஸ்

அமெரிக்காவின் கேரெட் நிறுவனம் தயாரிக்கும் ஏஸ் 300, 8 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. நான்கு சாதாரண பேட்டரிகள் போதும். பெட்டியைப் பிரித்த பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். உலர்ந்த மணலிலும், உரிமையாளரிடம் அனுமதி பெற்று நுழையும் பழைய தோட்டத்து லய நிலங்களிலும் இது நன்றாகவே உழைக்கும். ஈரமணலில் இறங்கியவுடன் ஓயாமல் கத்தத் தொடங்கும். உணர்திறனைக் குறைத்தால் அமைதியாகும், ஆனால் மோதிரத்தைக் காணும் ஆற்றலும் அதனோடு குறைந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதில் சுருளைத்தான் நீரில் நனைக்கலாம். மேலே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் நீர் படக்கூடாது. நான் முதன்முதலில் வாங்கிய வேறொரு மலிவுக் கருவியை 'வாட்டர்புரூஃப்' என்று சொல்லித்தான் விற்றார்கள். முழங்கால் உயரத்துக்கு எழுந்த ஒரே அலையில் திரை மங்கி அணைந்தது. சுருளுக்கு மட்டும்தான் அந்தச் சொல் பொருந்தும் என்பதைக் கடை அட்டையில் மிகச் சிறிய எழுத்தில் போட்டிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஆகவே 'எந்தப் பகுதி, எத்தனை மீட்டர் வரை?' என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

துருக்கியின் நோக்டா நிறுவனம் 2019இல் வெளியிட்ட சிம்ப்ளெக்ஸ் பிளஸ், இந்தக் குறையைப் போக்கியது. 12 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் இதை முழுவதுமாக 3 மீட்டர் ஆழம் வரை நீரில் அமிழ்த்தலாம். உள்ளேயே சார்ஜ் ஏற்றும் பேட்டரி இருக்கிறது. தரைக்கு ஏற்பச் சரிசெய்யும் வசதியும், கடற்கரைக்கென ஒரு தனி முறையும் உண்டு. அந்த முறையில் வைத்து, சுருளை ஈரமணலின் மேல் ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொண்டால், அசையாத ஈரமணலில் ஓரளவு நிம்மதியாகத் தேடலாம். அலை புரளும் விளிம்பில் மட்டும், நீர் சுருளின் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பொய்யொலி எழும். நீர் புகாத தன்மையும் உப்பைச் சமாளிக்கும் திறனும் வெவ்வேறு என்பதை இந்தக் கருவியை ஒருநாள் கையில் பிடித்தாலே புரிந்துகொள்ளலாம். இருந்தாலும் கொடுத்த விலைக்கு இவ்வளவு தருகிற கருவிகள் குறைவு. பாலிக் புலாவ் பக்கத்துத் தோட்டங்களிலும் செபெராங் பிறையின் பழைய லயங்களிலுமே தேடப் போகிறவருக்கு இதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

பல அதிர்வெண்: வான்கிஷ் 440, ஈக்வினாக்ஸ் 800, லெஜண்ட்

ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனத்தின் வான்கிஷ் 440, பல அதிர்வெண் நுட்பத்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்த கருவி. ஈரமணலில் இதை முதன்முதலாக இயக்குகிறவர், கருவி பழுதாகிவிட்டதோ என்று ஐயுறும் அளவுக்கு அமைதியாக இருக்கும். தண்டை மடக்கிச் சுருக்கிப் பையில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகலாம். நாணய முறையில் வைத்தால் மெல்லிய தகடுகளோடு சிறு நகைகளையும் சேர்த்து ஒதுக்கிவிடும் என்பதால் நகை முறையிலேயே தேட வேண்டும். இதிலும் சுருளுக்கு மட்டும்தான் நீர்க்காப்பு உண்டு. கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்க மாட்டேன் என்ற கட்டுப்பாடு உள்ளவருக்கு இது போதும். அந்தக் கட்டுப்பாடு தனக்கு உண்டா என்பதை ஒவ்வொருவரும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனென்றால், மோதிரங்கள் பெரும்பாலும் இடுப்பளவு நீரில்தான் நழுவுகின்றன. நீர் விரலைக் குளிரச் செய்கிறது, விரல் சற்றே சுருங்குகிறது, பூசிய எண்ணெய் வழுக்குகிறது; எஞ்சியதை ஓர் அலை செய்து முடிக்கிறது.

பல அதிர்வெண்ணும் முழு நீர்க்காப்பும் ஒன்றாக வேண்டுமென்றால், 2018இல் வந்த ஈக்வினாக்ஸ் 800ஐயும் 2022இல் வந்த நோக்டா லெஜண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஈக்வினாக்ஸ் 800, 3 மீட்டர் வரை நீர் தாங்கும்; அதற்குப் பின் வந்த 700, 900 ஆகியவை 5 மீட்டர் வரை தாங்குகின்றன. ஈக்வினாக்ஸ் 800 வெளிவந்தபோது அதன் விலை, சிம்ப்ளெக்ஸ் பிளஸின் விலையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. லெஜண்ட் அதைவிடக் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வந்து, கரைத் தேடலில் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. நான் பயன்படுத்துவது ஈக்வினாக்ஸ் 800. அதன் ஒலிகள் என் காதுக்குப் பழகிவிட்டன என்பதைத் தவிர, இன்று புதிதாக வாங்குகிறவருக்கு லெஜண்டை விட்டு அதைப் பரிந்துரைக்க வலுவான காரணம் என்னிடம் இல்லை.

ஈக்வினாக்ஸ் 800இன் திரையில் −9 முதல் 40 வரை எண்கள் வரும். கழித்தல் எண் என்றால் இரும்பு, மேலே போகப் போகச் செம்பும் வெள்ளியும். பொன் நடுவில் விழும். டின் பானங்களின் திறப்பு வளையங்களும் அதே நடுப்பகுதியில்தான் விழுகின்றன. இந்த இரண்டையும் எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க எந்தக் கருவியாலும் முடியாது. இக்கட்டுரையில் நான் உறுதியாகச் சொல்ல விரும்பும் செய்தி இதுதான். பத்து வளையங்களைத் தோண்டச் சலித்துக்கொள்கிறவருக்குப் பதினோராவதாகக் கிடைக்க இருந்த மோதிரம் கிடைக்காது.

மேல்நாட்டார் காணொளிகளில் பொன் மோதிரத்துக்குச் சொல்லும் எண்கள் பெரும்பாலும் 10, 14 காரட் மோதிரங்களுக்கு உரியவை. நம் வீடுகளில் புழங்குவது 916 எனப்படும் 22 காரட். கலப்பு குறைந்த பொன் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அதே பருமனுள்ள நம் மோதிரம் அவர்கள் சொல்லும் எண்ணைவிட உயர்ந்த எண்ணில் வரும். அந்தக் காணொளிகளை நம்பித் திரையில் எல்லை வகுத்துக்கொள்ளாமல், வீட்டு மேசையில் தாலி, மெட்டி, மோதிரம், மெல்லிய சங்கிலி ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக் கருவியை வீசிப் பாருங்கள். சங்கிலி உங்களை வியக்க வைக்கும். கைநிறைய பொன் இருந்தாலும், கருவி அதை ஒரே துண்டாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிச் சிறு வளையமாகப் பார்த்து, கொக்கியை மட்டுமே கண்டுகொள்ளும். உப்பைக் கழிக்கும் கணக்கில் அந்தச் சிறு ஒலியும் சேர்ந்து கழிந்துபோவது உண்டு. நாணயங்களையும் இப்படியே சோதியுங்கள்: 1967இல் தொடங்கிய முதல் தொடரின் 10, 20, 50 சென் நாணயங்கள் செம்பும் நிக்கலும் கலந்தவை, 2012இல் வந்த தொடரில் 5, 10 சென் துருப்பிடிக்காத எஃகு. உங்கள் கருவியில் இவை ஒன்றுபோல் ஒலிப்பதில்லை.

துடிப்பு முறையில் இயங்கும் கேரெட் சீ ஹன்டர் மார்க் 2 போன்றவை வேறு இனம். இவை தொடர்ந்து அலையை அனுப்பாமல், குறுகிய துடிப்புகளை அனுப்பி, அவை அடங்கும் விதத்தைக் கவனிக்கின்றன. உப்பும் தாதுவும் இவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, ஆழமும் அதிகம், 60 மீட்டர் வரை நீர் தாங்கும். ஆனால் இரும்பையும் பொன்னையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது. சோடா மூடிகளும் ஆணிகளும் நிறைந்த நம் சுற்றுலாக் கரையில் இதைக் கொண்டுபோனால் நாள் முழுவதும் குப்பை பொறுக்கும் வேலையாகிவிடும். நம் கலங்கிய கடலில் முக்குளிக்கும் வழக்கமும் நமக்கு இல்லை. இரண்டாவது கருவியாக வாங்கலாம், முதலாவதாக வேண்டாம்.

சென்ற ஆண்டு மாசி மகத்தின்போது தெலுக் பகாங்கில் தெப்பத் தேர் பார்க்கப் போயிருந்த எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, கரையோரம் கால் நனைக்கையில் கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். மறுநாள் காலை என்னிடம் வந்து நின்றவரிடம், "அக்கா, தண்ணி அப்ப எவ்வளவு ஒசரம் இருந்துச்சு? எந்தப் பக்கம் பார்த்து நின்னீங்க?" என்றேன். "முட்டிக்குக் கீழதான் தம்பி, கோயில் எனக்கு முதுகுப் பக்கம் இருந்துச்சு" என்றார். பௌர்ணமியை ஒட்டிய நாளாதலால் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. அவர் நின்ற இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, சுருளை மணலுக்கு இரண்டு விரற்கடை உயரத்தில் வைத்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சைப் பாதி மேவும்படி நடந்தேன். ஏழு சோடா மூடி, இரண்டு திறப்பு வளையம், ஒரு மீன்தூண்டில் ஈயம். அதன் பிறகு எந்தத் திசையிலிருந்து வீசினாலும் எண் மாறாத, விளிம்பு சுத்தமான ஓர் ஒலி. மணல் அள்ளும் அகப்பையின் துளைகள் வழியே மணல் வடிந்ததும், அடியில் ஒரு சிப்பியோடு சேர்ந்து மோதிரம் தங்கியிருந்தது. அது வான்கிஷிலும் கிடைத்திருக்கும்; ஏஸ் 300இல் கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

இவ்வாறு ஒருவர் தொலைத்ததைத் தேடிக் கொடுப்பது ஒன்று; மண்ணில் புதைந்த பழம்பொருளை எடுப்பது முற்றிலும் வேறு. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபுச் சிறப்புள்ளது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் அதை அதிகாரிகளுக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஜார்ஜ் டவுனின் மரபுப் பகுதியிலும், கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றியும் கருவியை இயக்க வேண்டாம். கடலைக் கடந்து கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்லும் வரலாறு அந்த மண்ணடுக்குகளில்தான் இருக்கிறது; ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து பிடுங்கினால், அது எந்தக் காலத்தது என்று சொல்லும் சான்று அதோடு அழிந்துவிடும். 1941 டிசம்பரில் குண்டுவீச்சுக்கு ஆளான தீவு இது. துருவேறிய பெரிய உருளை எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகிக் காவல்துறையை அழைக்க வேண்டும்.

கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது துணைப்பொருள்களுக்கு மிச்சம் வையுங்கள். துளையிட்ட எஃகு அகப்பை இல்லாமல் ஈரமணலில் கையால் தோண்டினால், அலை குழியை மூடும் வேகத்தில் பொருள் இன்னும் கீழே போய்விடும். தோண்டிய குழிக்குள் பொருள் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டும் கைக்கடக்கமான சிறு கருவியும் வேண்டும். அதுவும் நீர் தாங்குவதாக இருக்கட்டும். லெஜண்ட் வாங்கி அகப்பைக்குப் பணம் இல்லாமல் நிற்பதைவிட, வான்கிஷ் 440ஐயும் நல்ல அகப்பையையும் வாங்குவதே மேல். வீடு திரும்பியதும் சுருளின் மூடியைக் கழற்றி, உள்ளே சேர்ந்த மணலைக் குழாய்நீரில் அலசிவிடுங்கள். அந்த மணல் காய்ந்து உரசும்போது எழும் பொய்யொலியைக் கருவியின் பழுதென்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் சென்றவர்களும் உண்டு.