உப்புக்காற்றில் ஆறு வருடம்: எங்கள் வீட்டுக் கல் ஜாலி

பூப்பூவாகத் துளையிட்டுச் செதுக்கிய கல் தடுப்புக்குத்தான் ஜாலி என்று பெயர். போன வாரம் எங்கள் கூடத்து ஜாலியின் மேல்வரிசையில் ஒரு பலகையைக் கழற்றிப் புதிதாக வைத்தோம். அன்றைக்கே டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் வீடு கட்டும் மச்சான் போன் செய்து, "நானும் போடலாமா?" என்று கேட்டான்.

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உம்ட்லோட்டியில். தெருமுனைக்குப் போனால் கடல். டர்பன் பக்கம் இருப்பவர்களுக்குக் குரங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் மேஜைமேல் பழம் இருக்காது. அதனால் பிப்ரவரிப் புழுக்கத்திலும் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கிடந்தோம். ஜாலி வந்தபின் கூடம் எப்போதும் திறந்தே இருக்கிறது. அடிக்கடி கரண்ட் போன 2023-ல், அம்மா மத்தியானம் கண்ணயர்ந்தது அதன் வழியே வந்த வடகிழக்குக் காற்றில்தான்.

அப்புறம் வெயில். இந்த ஊரில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும், எங்கள் ஜாலியும் வடக்குப் பார்த்தது. டிசம்பரில் வெயில் உச்சிக்கு ஏறிவிடுவதால் கல்லின் தடிமனைத் தாண்டி உள்ளே வராது. ஜூனில் தாழ்ந்து வந்து தரையெல்லாம் பூப்போடும். காலை பத்து மணிக்கு அம்மாவின் நாற்காலிக் காலடியில் கிடக்கும் பூக்கள் மூன்று மணிக்குக் கிழக்குச் சுவரில் ஏறியிருக்கும். ஆறு வருடமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை.

ஆனால் அந்தப் பொடி! தினமும் காலையில் கீழே ரவை மாதிரி சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும். கூட்டினால் மறுநாளும் இருக்கும். ராஜஸ்தான் மணற்கல், நூற்றாண்டுக்கணக்கில் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அகமதாபாத்தில் 1573-ல் கட்டி முடித்த சிதி சையது பள்ளிவாசலின் மரக்கிளை ஜாலி இன்றும் நிற்கிறது, உண்மைதான். ஆனால் அது அலைச்சாரல் அடிக்கும் தூரத்தில் இல்லை. இங்கே கல் உப்பு ஈரத்தைக் குடிக்கிறது. காய்ந்ததும் உப்பு உள்ளேயே கட்டியாகி மணலை நெம்பித் தள்ளுகிறது. மழை நேரே கழுவும் கீழ்வரிசை நன்றாக இருக்கிறது. சன்ஷேடுக்கு அடியில் நனையாமல் இருக்கும் மேல்வரிசைதான் உதிர்கிறது. இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் வருடம் ஒரு இதழ் விழுந்தது. வந்த கொத்தனார் சிமெண்ட் வைத்து ஒட்டினார். சிமெண்ட் அந்தக் கல்லைவிடக் கெட்டி, ஈரத்தையும் வெளியே விடாது. ஒட்டிய இதழ் அப்படியே நிற்க, சுற்றியிருந்த நான்கும் போய்விட்டன. பலகையை மாற்ற வேண்டி வந்தது அதனால்தான். இந்தத் தடவை சுண்ணாம்புச் சாந்து. வாரம் ஒருமுறை மேல்வரிசையை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன்.

மச்சானிடம் "வேண்டாம்பா" என்றேன். பீனிக்ஸ் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது, அங்கே இவ்வளவு உப்பு வராது என்று தெரிந்தும் அப்படித்தான் சொன்னேன். கேட்ட அன்றும் காலையில் பொடி கூட்டியிருந்தேன்.

"சரி, உங்களுடையதைக் கழற்றினால் எனக்குக் கொடுங்கள்" என்றான். அதற்கும் மாட்டேன் என்றேன்.