கிரேக்கப் பாடத்துக்கு ஜாடியா, முகமூடியா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பண்டைய கிரேக்கத்தைக் கைவேலையாகச் சொல்லித்தர, நாடக முகமூடி, கருவுருவ ஜாடி (செம்மண் நிறப் பின்னணியில் உருவங்களைக் கறுப்பாகத் தீட்டிய ஜாடி) இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். இனிமேல் எனக்கு ஜாடிதான்.

முகமூடியும் நல்ல வேலைதான். மூன்றே நடிகர்கள் முகமூடியை மாற்றி மாற்றி ஒரு துன்பியல் நாடகத்தின் பாத்திரங்களையெல்லாம் ஏற்றார்கள் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் காய வேண்டுமே! பலூன்மேல் மைதாப் பசையில் ஒட்டிய நாளிதழ்த் துண்டுகள் காய இரண்டு மூன்று நாளாகும். மழைக்காலத்தில் செய்தோம், உள்பக்கம் பூசணம் பூத்துவிட்டது. ஓவியப் பீரியட் வாரத்துக்கு ஒன்றுதான். அடுத்த வாரம் வண்ணம் தீட்ட உட்காரும்போது கதை பாதிப் பேருக்கு மறந்திருந்தது.

ஜாடி ஒரே அமர்வில் முடிகிறது. ஜாடி வடிவில் வெட்டிய சார்ட்டில் ஆரஞ்சு க்ரேயானை இடைவெளி விடாமல் அழுத்தித் தேய்க்க வேண்டும். கறுப்பு போஸ்டர் கலரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்தால்தான் மெழுகின்மேல் பிடிக்கும். அதில் வீரனின் நிழலுருவத்தை மட்டும் தீட்டி, ஃபேனுக்கு அடியில் 20 நிமிடம் வைத்தால் போதும். அப்புறம் பல்குச்சியால் கண், தாடி, ஆடை மடிப்பு என்று கீறக் கீற ஆரஞ்சு எட்டிப் பார்க்கும்.

ஏதென்ஸ் கலைஞர்கள் செய்ததும் இதேதான். களிமண் கரைசலால் உருவம் தீட்டி, கூர்முனையால் கீறி, சூளையில் வைத்தார்கள். காற்றை அடைத்தால் பானை முழுக்கக் கறுக்கும். மறுபடி திறந்துவிட்டால் மற்ற இடமெல்லாம் சிவக்கும், கரைசல் பட்ட இடம் மட்டும் கறுப்பாகவே நிற்கும். வத்திக்கானில் உள்ள, ஏதென்ஸ் ஜாடிக் கலைஞர் எக்சேகியாஸின் ஜாடிப் படத்தை (கி.மு. 540–530 வாக்கில் செய்தது) அதன்பிறகு காட்டினேன். ட்ரோஜன் போர்க் கதையின் வீரர்களான அகில்லெஸும் அயாக்ஸும் குனிந்து பகடை விளையாடுகிறார்கள். ஒருவர் வாயருகே ‘நான்கு’, மற்றவர் வாயருகே ‘மூன்று’ என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. ஒரு சிறுமி மேலாடையின் நுண்கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவரும் குச்சியாலதான் கீறினாரா மிஸ்?” என்று கேட்டாள். முகமூடி செய்தபோது இப்படி ஒரு கேள்வி வரவில்லை.

நிஜக் களிமண்ணில் ஒரே ஒரு தடவைதான் செய்தேன், கைப்பிடிகள் கழன்று விழுந்தன. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு க்ரேயானை அவ்வளவு அழுத்தித் தேய்க்கக் கை வலு இருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆண்டுவிழாவில் நாடகம் போடுவதாக இருந்தால் மட்டும் முகமூடிக்குப் போவேன், அதுவும் ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கி.