பார்ட்ஸ் மாற்றுவதா, புது ரோடு பைக் வாங்குவதா: பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அனுபவம்

என்னிடம் இருப்பது 2018இல் வாங்கிய அலுமினிய ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான கியர் சைக்கிள். கியர் பார்ட்ஸ் ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ், 8 ஸ்பீட், அதாவது பின்னால் எட்டுப் பல்சக்கரம். முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 28 பற்கள் வரை (11-28). ரிம் பிரேக் (சக்கர வளையத்தைக் கட்டை பிடிக்கும் பிரேக்), 25 மி.மீ. டயர். நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. வார நாட்களில் விடியக்காலம் பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வரை போய்த் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்பாசமுத்திரம், பாபநாசம், இல்லாவிட்டால் திருச்செந்தூர். எப்போதாவது ஆலங்குளம், தென்காசி வழியாகப் போய்ப் புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு. ரேஸ் ஓட்டுகிற ஆள் இல்லை. நான் சொல்லப்போவதெல்லாம் இந்த மாதிரி ஓட்டுகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

போன வருஷம் செயின், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி), கேபிள், பிரேக் கட்டை எல்லாம் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டி வந்தது. எப்படியும் செலவுதான், இதோடு பெரிதாக ஏதாவது செய்துவிடலாமா என்று யோசனை. கூட ஓட்டுகிறவர்களில் சிலர் “105 குரூப்செட் போட்டுருங்க” என்றார்கள். குரூப்செட் என்றால் கியர், பிரேக் பார்ட்ஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்பு; 105 என்பது கிளாரிஸைவிட உயர்ந்த ஷிமானோ ரகம். சிலர் “இதுல காசு போடாதீங்க, டிஸ்க் பிரேக் வச்சதா புதுசு எடுத்துருங்க” என்றார்கள். தெற்கு பஜார் பக்கம் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணாச்சி மட்டும் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பிரேமு நல்லாத்தான இருக்கு, எதுக்குப் புதுசு?” என்று கேட்டார். அவர் பிரேமிலிருந்து தொடங்கியதுதான் சரியான வழி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். எந்த குரூப்செட் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பிரேம் சில விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது. உங்கள் உயரத்துக்கு அது பொருந்துகிறதா என்பது முதல் கேள்வி. பெரிய பிரேமில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கி, சீட்டை முன்னால் தள்ளி எவ்வளவுதான் சமாளித்தாலும் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கத்தான் செய்யும். அடுத்தது, எவ்வளவு அகல டயர் நுழையும் என்பது. என்னுடையதில் பிரேக்குக்குக் கீழே 28 மி.மீ. வரைதான் இடம். மூன்றாவது பிரேக். டிஸ்க் காலிப்பர் பூட்டுவதற்கான இடம் பிரேமிலும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் இல்லையென்றால் பிற்பாடு டிஸ்க் வைக்க முடியாது. இந்த மூன்றில் ஒன்று உங்களை உறுத்தினால், பழைய வண்டிக்கு எந்த பார்ட்ஸ் வாங்கியும் அந்த உறுத்தல் போகாது. எனக்கு சைஸ் சரியாக இருந்தது, 28 மி.மீ. போதும். பிரேக் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

105 ஏன் வேண்டாம் என்று விட்டேன்? ஷிமானோவின் ரோடு வீல்களில் 8, 9, 10 ஸ்பீட் கேசட்டுகள் ஒரே அகல ஃப்ரீஹப்பில் (பின்சக்கர நடுவில் கேசட் ஏறும் பகுதி) உட்காரும். 11 ஸ்பீடுக்கு அந்த ஃப்ரீஹப் 1.85 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். அதனால் 11 ஸ்பீட் 105 வாங்கினால் பெரும்பாலும் பின்சக்கரமும் மாற வேண்டும். ரிம் பிரேக் வண்டிக்கு வாங்கும், அச்சுப் பகுதி 130 மி.மீ. அகலமுள்ள அந்தச் சக்கரம், நாளைக்கு டிஸ்க் வண்டி வாங்கினால் அதில் ஏறாது. அங்கே பெரும்பாலும் 142 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (பிரேமுக்குள் நுழைத்துத் திருகும் அச்சு). குரூப்செட், சக்கரம், கூலி என்று கூட்டிப் பார்த்தபோது புது வண்டி விலையில் பாதியைத் தாண்டியது. கம்பெனிகள் பார்ட்ஸை மொத்தமாக வாங்குகின்றன. நாம் சில்லறையில் வாங்குகிறோம். தனித்தனியாக வாங்கிச் சேர்த்து முழு வண்டியின் விலையோடு போட்டி போடவே முடியாது.

எடை குறையுமே என்பார்கள். நான், சைக்கிள், இரண்டு பாட்டில் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 85 கிலோ. அதில் ஒரு கிலோ குறைத்தால் செங்குத்தான ஏற்றத்தில்கூட லாபம் நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான். ஆனி, ஆடியில் ஆலங்குளம் தாண்டி மேற்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும்: செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளைச் சுற்றிவிட்டு நேராக நம் நெஞ்சில் அடிக்கும். அந்தக் காற்றில் ஒரு கிலோ எந்த மூலைக்கு?

சரி, நான் என்ன மாற்றினேன்? முதலில் டயர். இருக்கிற எல்லாவற்றிலும் காசுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான். பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள 28 மி.மீ. டயர். முன்பு 100 பிஎஸ்ஐ காற்று அடித்த இடத்தில் இப்போது 80க்குக் கீழே. முக்கூடல் பக்கத்துச் சாலைகளில் கை மரத்துப்போவது நின்றுவிட்டது. நம் ஊரில் சாலையோரம் முழுக்க உடைமரம். வெட்டிப் போட்ட கொப்பிலிருந்து உதிரும் உடைமுள் மெல்லிய ரேஸ் டயரை ஊசி மாதிரி துளைக்கும். புது டயரில் பஞ்சர் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அடுத்து கேசட். 11-28ஐ எடுத்துவிட்டு 11-32 போட்டேன். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் என் பின் டிரெய்லியர் அதை ஏற்றுக்கொண்டது. உங்களுடையது எத்தனை பல் வரை ஏற்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் 34க்குப் பின்னால் 28 இருந்தபோது மிதித்ததைவிட 34க்கு 32இல் எட்டில் ஒரு பங்கு இலகு. புளியரை ஏற்றத்தில், சரக்கு லாரிகள் உறுமிக்கொண்டு பக்கத்தில் ஏறும்போது, தள்ளாடாமல் ஒரே கோட்டில் ஓட்ட இது பெரிய உதவி. பெரிய கேசட்டுக்கு ஏற்ற நீளத்தில் புது செயினும் அப்போதே போட்டாயிற்று.

செயினை எப்போது மாற்றுவது என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஸ்கூல் ஸ்டீல் ஸ்கேல் போதும். செயின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் (ஆணியின்) நடுவில் பூஜ்ஜியத்தை வைத்துச் செயினை இழுத்துப் பிடியுங்கள். புது செயின் என்றால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக நிற்கும். அது ஒன்றரை மி.மீ. தள்ளி நின்றால் புது செயின் வாங்கும் நேரம் நெருங்கிவிட்டது. 3 மி.மீ. தள்ளிவிட்டால் கேசட்டின் பற்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும்; அதில் புது செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். காலத்தில் மாற்றும் மலிவான செயின் விலை உயர்ந்த கேசட்டைக் காப்பாற்றும்.

கேபிளும் அதன் வெளியுறையான அவுட்டரும் மாற்றியதில் கியர் மாற்றும் கிளாரிஸ் ஷிஃப்டரே புதியது போல ஆனது. உவரி, திருச்செந்தூர் என்று கடலோரம் ஓட்டுகிறவர்கள் இதை முதலில் செய்யுங்கள். உப்புக் காற்றில் உள்ளே துரு பிடித்துத்தான் கியர் கனமாகிறது, பல பேர் ஷிஃப்டர் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். சீட் போஸ்ட்டையும் அவ்வப்போது உருவி கிரீஸ் தடவுங்கள். அலுமினிய பிரேமில் அது இறுகிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சக்கரங்கள் பழையவைதான். கடை அண்ணாச்சி கோட்டம் எடுத்து, ஹப்பைப் பிரித்து குண்டுகளை மாற்றி, கோன் இறுக்கிக் கொடுத்தார். கியர் வண்டி என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. ஹப், ஸ்போக்ஸ் வேலைக்கு அதெல்லாம் தேவையே இல்லை. காலமெல்லாம் பால்காரர், தபால்காரர் வண்டிகளுக்குக் கோட்டம் எடுத்த கைகளுக்கு ரோடு பைக்கின் 700சி சக்கரம் எம்மாத்திரம்? கியர் டியூனிங்கை மட்டும் நாமே கற்றுக்கொள்வது நல்லது. ஆகமொத்தம் புது வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இப்போது பிரேக். குற்றால சீசனில் சாரல் தூறிக்கொண்டிருக்கும்போது புளியரையில் இறங்கினால் ரிம் பிரேக்கின் குறை நன்றாகத் தெரியும். பிடித்தவுடன் கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைத்தான் வழிக்கிறது, அதன் பிறகுதான் பிடிப்பு வருகிறது. நல்ல கட்டைகள் போட்டதில் கொஞ்சம் முன்னேற்றம், அவ்வளவுதான். ஈர மணல் ஒட்டி ரிம்மையே அரைக்கும் என்பதால் ரிம் பக்கவாட்டில் உள்ள தேய்மான அடையாளக் குழியையும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. அது மறைந்துவிட்டால் ரிம்முக்கு ஆயுள் முடிந்தது.

அதனால், மழையிலும் மலைச்சாலையில் அடிக்கடி இறங்குபவர் என்றால் பழைய ரிம் பிரேக் வண்டியில் காசு போட வேண்டாம், டிஸ்க் வண்டியாகவே வாங்குங்கள். பிரேம் சைஸ் தப்பாக இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். நான் சாரல் நாட்களில் மலைப்பக்கம் போவதைத் தவிர்த்துவிடுகிறேன். மற்ற நாட்களுக்கு இந்த வண்டி தாராளமாகப் போதும். என் ரிம்மில் அந்தக் குழி இன்னும் நன்றாகத் தெரிகிறது. அது மறையும் அன்று புதுச் சக்கரம் வாங்க மாட்டேன். 32 மி.மீ. டயர் நுழைகிற, டிஸ்க் பிரேக் வைத்த புது வண்டிதான்.