90 நாள் மூலிகைக் கோர்ஸ்: ‘விந்தணு 11 மில்லியன் 24 ஆனது’ என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, குழந்தைக்காகக் காத்திருந்த ஒரு தம்பதிக்குக் கொடுக்கப்பட்டவை: ஒரு சூரணம், ஒரு லேகியம், 180 காப்ஸ்யூல், தடவிக்கொள்ள ஒரு தைலம். 90 நாள் கோர்ஸ். முடிந்ததும் இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்துக் காட்டினார்கள். விந்தணு எண்ணிக்கை முதலாவதில் மில்லிலிட்டருக்கு 11 மில்லியன், இரண்டாவதில் 24 மில்லியன். “நல்லா வேலை செய்யுது, இன்னொரு கோர்ஸ் எடுத்தா கட்டாயம் தங்கிடும்” என்றார்கள். இன்னொரு கோர்ஸும் வாங்கப்பட்டது. பத்து மாதம் கழிந்தது, கரு தங்கவில்லை. அதன் பிறகுதான் அந்தக் கணவரை முதன்முதலாக ஒரு மருத்துவர் உடலைத் தொட்டுப் பரிசோதித்தார். இடது பக்கம் வெரிகோசீல், அதாவது விதைப்பையின் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டிருந்தன. நிற்கவைத்து, மூச்சை முக்கச் சொல்லிக் கையால் தொட்டுப் பார்த்தாலே தெரிகிற அளவுக்கு இருந்தது. கோர்ஸ் விற்றவர்களோ எல்லாவற்றையும் போனிலேயே முடித்திருந்தார்கள். மனைவிக்கு வயது 35.

விற்றவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை. இதே முறையில் விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதலில் அந்த இரண்டு ரிப்போர்ட்டுகள். முதல் மாதிரிக்கு முந்தைய இரவுதான் உறவு இருந்தது. மாதிரியை வீட்டில் எடுத்தபோது தொடக்கத்தில் வந்தது கொஞ்சம் சிந்திவிட்டது. விந்தணுக்கள் அதிகம் வருவதே அந்த முதல் பகுதியில்தான். மீதி 0.9 மில்லி. அதை வண்டி டிக்கியில் வைத்துக் கொண்டுபோய், லேபில் பார்க்கும்போது இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. இரண்டாவது மாதிரிக்கு முன் “ஆறு நாள் சேர்த்து வையுங்க, வீரியம் தெரியட்டும்” என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். லேபிலேயே எடுத்தது, 2.6 மில்லி, உடனே பார்த்தது. இடைவெளி நாள் கூடினால் அளவும் எண்ணிக்கையும் கூடும். மாதிரி ஆறிப்போய்த் தாமதமானால் நீந்தும் விந்தணுக்களின் சதவீதம் குறையும். மருந்து எதுவும் சாப்பிடாமலே இந்த இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கும் இவ்வளவு வித்தியாசம் வரலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு கேட்பது எளிமையானது: 2 முதல் 7 நாள் இடைவெளி, மாதிரி முழுதாகச் சேகரிக்கப்பட வேண்டும், உடல் சூட்டில் வைத்திருக்க வேண்டும், முடிந்தால் 30 நிமிடத்தில், தள்ளிப்போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. இடைவெளி நாள், எடுத்த நேரம், பார்த்த நேரம், சிந்தியதா என்ற நான்கும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத ரிப்போர்ட்டை இன்னொன்றோடு ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரே ஆணின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். குறைவாக வந்த நாளில் பயந்துபோய் மருந்து தொடங்குகிறவருக்கு, அடுத்த முறை தானாகவே கொஞ்சம் கூடுதலாக வர வாய்ப்பு அதிகம். விற்கிறவர் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

அடுத்து, “ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது, 167 சதவீதம் உயர்வு” என்ற வாசகம். அது பொய் எண் இல்லை, அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். 2013இல் வந்த அமுக்கரா (அஸ்வகந்தா) ஆய்வு அது. மொத்தம் 46 ஆண்கள்: 21 பேருக்கு வேர்ச் சாறு, 25 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நாளுக்கு 675 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து 90 நாள். சாறு எடுத்தவர்களின் சராசரி 9.59 மில்லியனிலிருந்து 25.61 மில்லியனாக உயர்ந்தது. நல்ல செய்திதான், ஆனால் 21 பேர். எண்ணிக்கை குறைவானவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்ட ஆய்வு என்பதால், விந்தணுவே இல்லை என்ற சைபர் ரிப்போர்ட் உள்ளவருக்கு அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. லக்னோவில் நடந்து 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், குழந்தையின்மைக்காக வந்த 75 ஆண்கள் நாளுக்கு 5 கிராம் அமுக்கரா வேர்ப்பொடியைப் பாலில் மூன்று மாதம் எடுத்தார்கள். தரம் மேம்பட்டது என்றே முடிவு வந்தது. ஆனால் வெற்று மருந்து பெற்ற குழு இல்லாததால், மேலே சொன்ன இயல்பான ஏற்றத்தையும் மருந்தின் ஏற்றத்தையும் அதில் பிரித்தறிய வழியில்லை.

இப்போது அந்த 180 காப்ஸ்யூலை எடுத்துக்கொள்வோம். ஒன்று 500 மில்லிகிராம், உள்ளே 11 மூலிகைகள்: அமுக்கரா, பூனைக்காலி விதை, நெருஞ்சில், நிலப்பனைக் கிழங்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு, ஓரிதழ்தாமரை என்று நீள்கிறது பட்டியல். எது எவ்வளவு என்று எழுதவில்லை. சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 45 மில்லிகிராம். நாளுக்கு இரண்டு காப்ஸ்யூல் என்றால் அமுக்கராப் பொடி 90 மில்லிகிராம். லக்னோவில் கொடுத்தது 5,000. ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, ஆய்வில் இருந்த அளவைக் கொடுக்காமல் விடுகிறார்கள். சித்த மருத்துவத்தில் அமுக்கராவைப் பாலில் பிட்டவியலாக, அதாவது பிட்டுப் போல ஆவியில் அவித்து உலர்த்திச் சுத்தி செய்வார்கள், பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்குவார்கள். அதெல்லாம் செய்தார்களா என்று கேட்டால் பதில் இல்லை. பூனைக்காலியில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது, நடுக்குவாத நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள். மனநல மருந்தோ இரத்த அழுத்த மருந்தோ எடுப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடக் கூடாது.

எண்ணிக்கை ஏறினால் குழந்தை வந்துவிடும் என்பதும் உறுதி இல்லை. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் விந்தணுவுக்கு நல்லது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து, ஆணுக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: குழந்தை பிறந்தது மருந்துக் குழுவில் 34 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 35 சதவீதம். மூலிகைகளுக்கு இந்த அளவிலான சோதனை வரும்வரை “கட்டாயம் தங்கும்” என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சைபர் ரிப்போர்ட் உள்ளவர்களிடம் நடப்பது இன்னும் கொடுமை. ‘சைபர் ஒரு மில்லியன் ஆனது’ என்ற சாட்சி வீடியோக்களை நம்பி வந்துவிடுகிறார்கள். விந்தணு இல்லை என்று எழுதுவதற்கு முன் மாதிரியை மையவிலக்கியில் சுழற்றி, அடியில் படிவதைத் தேடிப் பார்க்க வேண்டும். பல சின்ன லேப்கள் அதைச் செய்வதில்லை. அங்கே சைபர் என்று வந்தவருக்கு அடுத்த லேபில் சில தென்பட்டால் அது மருந்தால் வந்ததல்ல, முதலிலேயே இருந்தது. உண்மையில் சைபராக இருந்தால் காரணம் தெரிந்தாக வேண்டும். பாதை அடைப்பு என்றால் சூரணம் அதைத் திறக்காது. மூளையிலிருந்து வரும் ஹார்மோன் குறைவு என்றால் ஊசி மருந்தில் விந்தணு உற்பத்தி தொடங்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவரை ஆறு மாதம் லேகியத்தில் உட்காரவைப்பது பெரும் அநியாயம்.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளிவரத் தயாராக மேலும் இரண்டு வாரம் போல ஆகும். ஆகவே 15 நாளில் கவுண்ட் ஏறும் என்றால் அது பொய். ஆனால் நாலைந்து நாளிலேயே ‘பலம்’ தெரிகிறது என்றால் அதை வேறு விதமாகப் பயப்பட வேண்டும். மூலிகை என்று விற்கப்படும் ஆண்மைப் பொருட்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிராபத்து. முகம் உப்பி, பசியும் எடையும் திடீரென்று கூடினால் ஸ்டீராய்டு கலப்பைச் சந்தேகிக்க வேண்டும். டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ஏறினால் விந்தணு உற்பத்தி அடங்கி, எண்ணிக்கை சைபர் வரை இறங்கலாம், மீண்டு வர மாதங்கள் ஆகும்.

உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் சேர்ந்த மருந்தில் பெயரைக் கவனியுங்கள். சித்தத்தில் நாக பற்பம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் ஈயம். ஈயம் விந்தணுவைக் கெடுக்கும் உலோகம். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. அமுக்கராவே சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் அன்றே நிறுத்த வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர் கேட்காமல் தொடவே கூடாது. விலை குறைவு என்று இலையையும் சேர்த்து அரைக்கிறவர்கள் உண்டு, இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் அறிவுறுத்தியிருக்கிறது.

டப்பாவில் சித்த அல்லது ஆயுர்வேத மருந்து உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஒவ்வொரு சரக்கின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். 14 இலக்க எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருளுக்கான உரிமம். அதை வைத்து நோய் தீரும் என்று விற்கக் கூடாது. ஆண்மைக் குறைவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அதற்கு முறையான இடம் இருக்கிறது: தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி. எங்கே போனாலும் முதலில் ஒரே லேபில், ஒரே இடைவெளி நாளில், சில வார இடைவெளி விட்டு இரண்டு பரிசோதனை. 2021 கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, மில்லிலிட்டருக்கு 16 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். குறைவாக இருந்தால் சிறுநீரக அறுவை மருத்துவரிடம் நேரடிப் பரிசோதனை, இரத்தத்தில் எஃப்எஸ்எச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), காலை நேர டெஸ்டோஸ்டீரோன். மனைவிக்கும் அதே வாரத்தில் பரிசோதனை தொடங்க வேண்டும். அவருக்கு 35 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பிறகு, மேல் என்றால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் டப்பாக்களைத் தூக்கிப் போடாதீர்கள். பிரிக்காத பாக்கெட் ஒன்று, பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், இரண்டு ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கலப்படச் சந்தேகம் என்றால் பிரிக்காத பாக்கெட்டோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு.