பீக்கோ ட்ரெயிலுக்குக் கொழும்பில் பயிற்சி: கடற்கரை வீதியா, மாடிப்படியா?

கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் என்னும் மலைநாட்டு நடைபாதை, 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அதற்கு ஆயத்தமாகும் கொழும்புவாசிக்கு, சொல்லத்தக்க ஏற்றமே இல்லாத நகரத்தில் எங்கே பழகுவது என்பதே முதற் சிக்கலாகிறது.

வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே அதிகாலையில் நடப்பது நீண்ட நேரம் நடக்கும் பொறுமையைத் தரும். புதிய சப்பாத்து குதிகாலில் எங்கே உரசிக் கொப்புளம் எழுப்புகிறது என்பதையும் வீட்டுக்கு அருகிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சமதரை தொடையை அதிகம் சோதிப்பதில்லை.

தொடர்மாடிப் படிகள் அதைச் சோதிக்கின்றன. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் நான்கை முதுகுப்பையில் வைத்தால் ஏறத்தாழ 6 கிலோ. அந்தச் சுமையுடன் ஏறிவிட்டு, பலரும் செய்வதுபோல் லிஃப்டில் இறங்கினால் பாதிப் பயன் போய்விடும். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டபடியே உடலின் பாரத்தைத் தாங்குவதால்தான் மறுநாள் கால்கள் கடுக்கின்றன. பழக்க வேண்டியதும் அதைத்தான். (காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.)

வாரநாட்களில் படி, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை என்பதே என் தெரிவு. ஒன்றுக்கு மட்டுமே நேரமுண்டு என்போர் படிகளையே எடுக்கலாம்: ட்ரெயிலில் முதல் நாட்களின் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வழியுண்டு, இறக்கத்தைக் குறைக்க வழியில்லை.