சாதா ஐஸா, உலர் ஐஸா?

மீன், இறைச்சி, ஐஸ்கிரீம் போன்றவற்றைக் கெடாமல் பெட்டியில் வைத்து வெளியூருக்கு எடுத்துச் செல்ல எது நல்லது என்று கேட்பவர்கள் அதிகம்.

குளிர்: சாதா ஐஸ் 0 டிகிரியில் உருகும். உலர் ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரியில், உருகாமலே ஆவியாகும்.

ஈரம்: முதலாவது தண்ணீர் விட்டு அட்டைப் பெட்டியை ஊறவைக்கும். இரண்டாவதில் சொட்டு ஈரமில்லை.

விலை: மீன் சந்தைகளில் பார் ஐஸ், அதாவது பாளமாக விற்கும் சாதா ஐஸ், மலிவாகவே கிடைக்கும். உலர் ஐஸின் விலை அதிகம். வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் நிற்காது, மைனஸ் 18 டிகிரி அதற்கு வெயில்தான்!

ஆபத்து: உலர் ஐஸை வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வாயு பெருகி வெடிக்கும். கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுபோனால் மூச்சுத் திணறும். விமானத்தில் ஒருவருக்கு 2.5 கிலோ வரைதான், அதுவும் நிறுவனம் அனுமதித்தால்.

புது மீனுக்குப் பொடித்த சாதா ஐஸே போதும். ஈரம் காயாது, சதையும் உறையாது. ஐஸ்கிரீமுக்கும் உறைந்த இறைச்சிக்கும் உலர் ஐஸ். பக்கத்துத் தெருவரைதான் என்றால், சாதா ஐஸில் கல் உப்பைக் கலந்து சமாளிக்கலாம்.