சிறிய விமான நிலையத்துக்கு ஏவாஸ்: வாங்கலாம், ஆனால் பராமரிப்புப் பணத்தை முதலில் ஒதுக்குங்கள்

அமெரிக்காவில் ஒரு மாநில அரசின் விமானத் துறைக்கு இயக்குநராக வருபவரின் பொறுப்பில் இருப்பவை பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி), நகராட்சி விமான நிலையங்கள்தாம். அவற்றுக்காக அவர் ஒப்புதல் தரும் கொள்முதல்களில், ஓடுபாதையைச் செப்பனிடுவதற்கு அடுத்தபடியாக, ஏவாஸ் என்னும் தானியங்கி வானிலை நிலையத்தைத்தான் நாங்கள் வைப்போம்.

அது செய்யும் வேலை எளிது. காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, பனிநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றை அளந்து, நிமிடத்துக்கொரு முறை புதுப்பித்து, விஎச்எஃப் அலைவரிசையில் குரலாகச் சொல்கிறது. 25 கடல் மைல் தொலைவு, தரையிலிருந்து 10,000 அடி உயரம் வரை கேட்கும் விதமாக இது வடிவமைக்கப்படுகிறது. தொலைபேசியில் அழைத்தும் கேட்கலாம். கோடை நண்பகலில், உயரமான ஊரின் குட்டை ஓடுபாதையில், அடர்த்தி உயரத்தையும் (வெப்பத்தில் காற்று மெலிவதால், விமானம் எவ்வளவு உயரத்தில் பறப்பதுபோல் இயங்கும் என்ற கணக்கு) சேர்த்துச் சொல்வது உயிர் காக்கும் தகவல். இன்னொரு பயனும் உண்டு. விமானத்தின் உயரமானியைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். அந்த விமான நிலையத்துக்கே உரிய அழுத்த அளவு இல்லாமல் பக்கத்து ஊர் அளவை வைத்துக் கருவிவழி (வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பி) இறங்கினால், இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரத்தை ஏற்றி வைக்க வேண்டும். வாடகை விமானங்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் பகுதி 135 விதிகள் அங்கீகரிக்கப்பட்ட வானிலைத் தகவலைக் கேட்பதால், ஆம்புலன்ஸ் விமானம் அந்த ஊருக்கு வருமா வராதா என்பதே பல சமயம் இந்தக் கருவியைப் பொறுத்தது.

எந்த வகை? ஏவாஸ் ஏ அழுத்தம் மட்டும் சொல்லும். ஒன்றாம் வகை காற்று, வெப்பநிலை சேர்க்கும். இரண்டாம் வகை பார்வைத் தூரம், மூன்றாம் வகை மேக உயரம். அதோடு 'பி' என்றால் மழையா பனியா என்று பிரித்தறியும் உணரி, 'டி' என்றால் இடிமின்னல், 'இசட்' என்றால் உறைமழை. கருவிவழி இறக்கம் உள்ள இடத்தில் மூன்றுக்குக் கீழே போகாதீர்கள். பி உணரியைத் தவிர்த்துச் சேமிப்பதும் எங்களுக்கு உடன்பாடில்லை. அது இல்லாத நிலையத்தின் அறிக்கையில் ஏஓ1 (மழை, பனியைப் பிரித்தறியாத நிலையம் என்ற குறியீடு) என்றுதான் வரும்; பார்வைத் தூரம் ஏன் குறைந்தது என்று விமானிக்குத் தெரியாது. குளிர் மாநிலங்களில் இசட் கட்டாயம் வேண்டும்.

கருவியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். மேக உயரமானி தலைக்கு நேர் மேலேயுள்ள வானத்தை மட்டும் பார்க்கிறது. கடந்த 30 நிமிட அளவுகளிலிருந்து முடிவு சொல்கிறது. ஓடுபாதையின் மறுமுனையில் ஏரி மூடுபனி படர்ந்திருந்தாலும் இங்கே '10 மைல், தெளிவு' என்று சொல்லக்கூடும். பார்வைத் தூர உணரி ஒளிச்சிதறலை வைத்து வேலை செய்வதால், அதன் பாதையில் சிலந்தி வலை கட்டினால் வெயில் நாளிலும் மூடுபனி என்று கூசாமல் அறிவிக்கும். வெப்பநிலை உணரியின் விசிறி நின்றால் அளவு ஏறும், அடர்த்தி உயரமும் கூடவே தவறாகும். அழுத்த உணரிகள் இரண்டு இருப்பதற்குக் காரணம் உண்டு: இரண்டுக்கும் வேறுபாடு வரம்பைத் தாண்டினால் தவறான எண்ணைச் சொல்வதைவிட 'இல்லை' என்று சொல்வதே மேல். மின்னல் தாக்கினால் பெரும்பாலும் முதலில் போவது உணரி அல்ல, தகவல் கடத்தும் கேபிளின் முனைகள். எனவே நிலத்தடிக் கேபிளுக்குப் பதில் ரேடியோ இணைப்பு நல்லது என்போம்.

அதிகம் கோட்டை விடப்படுவது இடத்தேர்வில். காற்றுமானிக் கம்பம் 30 முதல் 33 அடி உயரம்; 500 அடி வட்டத்துக்குள் இருக்கும் தடைகள் அதைவிட 15 அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும், 1,000 அடி வரை 10 அடி. மேக, பார்வை உணரிகள் ஓடுபாதை முனையிலிருந்து 1,000 முதல் 3,000 அடிக்குள் பொருத்தமாக இருக்கும். இன்று தகுதியான இடம், ஐந்து ஆண்டில் யாரோ ஹேங்கர் (விமானக் கொட்டகை) கட்டியதும் காற்று அளவைக் கெடுக்கும் இடமாகிவிடும். விமான நிலையத்தின் வரைபடத்தில் அந்த வட்டத்தை ஏவாஸ் பாதுகாப்புப் பகுதி என்று வரைந்து வைத்தால்தான் அடுத்த கட்டட அனுமதி அங்கே தடுக்கப்படும்.

பணத்துக்கு வருவோம். வாங்கி நிறுவ மத்திய அரசின் ஏஐபி (விமான நிலைய மேம்பாட்டுத் திட்டம்) மானியம் கிடைக்கும். அதில் சிறு விமான நிலையங்களின் ஆண்டு உரிமைத்தொகை 1,50,000 டாலர் வரை. டெக்சாஸ், ஜார்ஜியா, விஸ்கான்சின் உள்ளிட்ட பிளாக் கிராண்ட் மாநிலங்களில் அந்தப் பணத்தை மாநிலத் துறையே பகிர்ந்தளிக்கிறது. ஆனால் அன்றாடப் பராமரிப்புக்கு ஏஐபி ஒரு சென்ட்கூடத் தராது. மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ ஏற்றுக்கொண்ட தொழில்நுட்பர்தான் அளவீடு சரிபார்க்க முடியும். சரிபார்ப்பு தவறினால் கருவி ஒலிபரப்பை நிறுத்த வேண்டியதுதான். தனித்தனிக் கவுண்டியாக ஆள் தேடினால் விலையும் ஏறும், காத்திருப்பும் நீளும். ஆகவே மாநிலத் துறை மொத்த நிலையங்களுக்கும் ஒரே பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதைத்தான் பரிந்துரைக்கிறோம்.

அந்த ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: பழுது தெரிந்ததிலிருந்து ஆள் வந்து சேரும் கால வரம்பு, மாநிலத்துக்குள் இருப்பில் வைக்கும் உதிரி அழுத்த உணரி, காற்றுமானி, மின்வழங்கி, செம்புத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டால் செல்பேசி இணைப்புக்கு மாற்றும் செலவு யாருடையது, கருவி பழுதானதும் விமானிகளுக்கான நோட்டாம் எச்சரிக்கை அறிவிப்பைக் கொடுப்பவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார்.